நாலு பேர் பார்த்த வில்

அழகு நிலையம் நடத்துகிறவள் வானத்தைப் படம் எடுக்கக் கூடாது என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. ஆனால் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும், ஊர் அவளை என்ன பாடு படுத்தும் என்று. தெருவே ‘பார்லர் அக்கா’ என்று கூப்பிடும் நம் அக்கா, நாலு வருஷமாக மொட்டைமாடியில் தொலைநோக்கியை வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நாலு வருஷமாக ஒரே பேச்சைத்தான் கேட்டுக்கொண்டும் இருந்தாள்.

"படம் ரொம்ப அழகா இருக்கும்மா. அதான் சந்தேகமா இருக்கு."

இப்படிச் சொன்னவர் வான்நோக்குச் சங்கத்தின் செயலாளர். பிழைப்புக்கு மருந்துக்கடை. டாக்டர் சீட்டு இல்லாமல் இருமல் மருந்துகூடத் தரமாட்டார். அந்தக் கண்டிப்பை அப்படியே வானத்தின் மேலும் வைத்திருந்தார். சங்கத்தில் மொத்தம் ஒன்பது பேர். மாதக் கடைசி ஞாயிறு சாயங்காலம் ஒரு டிரைவிங் ஸ்கூலின் மாடி வகுப்பறையில், ‘ஹாரன் அடிக்காதீர்’, ‘இங்கே திரும்பாதீர்’ பலகைகளுக்குக் கீழே கூடுவார்கள். அக்காவின் படம் திரையில் வந்தாலே செயலாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "இதுல எது வானம், எது பவுடர்?" என்று கேட்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள். அக்காவும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பாள். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உருட்டுவாள்.

அவளுக்குப் பரிசு வேண்டாம், கைத்தட்டல் வேண்டாம். அந்த மனிதர் வாயிலிருந்து ஒரே ஒரு தடவை, ‘இது நிஜம்’ என்று வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் ஆசை. சின்ன ஆசைதான், ஆனால் நாலு வருஷம் உள்ளே வைத்துப் பூட்டினால் சின்ன ஆசையும் வீங்கிப் பெரிதாகிவிடும்.

இதில் அநியாயம் என்னவென்றால், சங்கத்திலேயே படத்தைக் கம்ப்யூட்டரில் கம்மியாகத் தொடுகிறவள் அக்காதான். மேக்கப் என்பது எங்கே நிறுத்த வேண்டும் என்ற படிப்பு. ஒரு பூச்சு கூடினால் மணப்பெண் பொம்மையாகிவிடுவாள் என்பது அவளுக்கு இருபது வருஷப் பாடம். மெத்தைக்கடைக்காரரின் படங்களைப் பார்க்க வேண்டுமே! நட்சத்திரம் ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அளவு இருக்கும், வானம் ஊதா நிறத்தில் இருக்கும். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மெத்தைக்கும் பவுடருக்கும் சம்பந்தம் இல்லையாம்.

இந்த வருஷம் அவள் பிடித்தது ரோஜாப்பூ மாதிரி இருக்கும் ஒரு நெபுலா. நெபுலா என்றால் வானத்தில் கிடக்கும் வாயு மேகம். சில மேகங்கள் பக்கத்து நட்சத்திரத்தின் வெளிச்சத்தை வாங்கிக் காட்டும். இந்த ஜாதி அப்படி இல்லை, நடுவில் இருக்கும் இளம் நட்சத்திரங்களின் சூட்டில் தானே சிவப்பாக ஒளிரும். வெறுங்கண்ணுக்கு ஒரு மண்ணும் தெரியாது. அந்தச் சிவப்பை மட்டும் உள்ளே விடும் ஒரு ஃபில்டரைக் கேமராவுக்கு முன்னால் போட்டு, ஒரு படத்துக்கு ஐந்து நிமிஷம் என்று ஒன்பது ராத்திரிகளில் இருநூற்று ஐம்பத்திரண்டு படங்கள் எடுத்தாள். அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் இருட்டிலிருந்து மேகம் எழுந்து வரும். ஆக மொத்தம் இருபத்தொரு மணி நேர வெளிச்சம். பஸ் டிரைவரான வீட்டுக்காரர் விடியற்காலை நாலு மணி டூட்டிக்குக் கிளம்பும்போது அவள் மாடியிலிருந்து இறங்குவாள். "நான் எழுந்து போறேன், நீ வந்து படு. கட்டில் ஒண்ணுதான், ஆனா ஷிப்டு ரெண்டு" என்பார் அவர்.

ஒன்பதாம் ராத்திரி முடியும்போதுதான் வினை வந்தது. விடிந்தால் கீழே பார்லருக்கு ஒரு மணப்பெண் வருகிறாள், அதற்குள் தொலைநோக்கியை இறக்கியாக வேண்டும், மாடிப்படியோ குறுகல். கேமராவை மாட்டியபடியே தொலைநோக்கியை இறக்க முடியாது. ஆனால் கழற்றவும் கூடாது. ஏன் என்றால், கடைசியாக ஒரு வேலை பாக்கி இருந்தது. தொலைநோக்கியின் வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி, சீரான வெளிச்சத்தில் ‘வெள்ளைப் படம்’ எடுக்க வேண்டும். அதில் வானம் இருக்காது, நட்சத்திரம் இருக்காது. கண்ணாடியில் எங்கே தூசி, எந்த மூலை மங்கல் என்பது மட்டும் இருக்கும். கம்ப்யூட்டர் அதைப் பார்த்துக்கொண்டு, வெள்ளைப் படத்தில் எங்கெல்லாம் இருட்டோ அங்கெல்லாம் நிஜப் படத்தை வெளிச்சமாக்கி ஈடுகட்டும். கேமரா இருந்தது இருந்தபடி இருந்தால்தான் இந்தக் கணக்கு சரிவரும்.

அக்கா கழற்றினாள். திரும்ப அதே கோணத்தில் பூட்ட வேண்டுமே என்று நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுக்கொண்டுதான் கழற்றினாள். புத்திசாலி. அன்று மத்தியானம் பார்லரில், இரண்டு வாடிக்கையாளர்களுக்கு நடுவே கிடைத்த அரைமணி நேரத்தில், கேமராவின் கண்ணாடியை ஒரு புத்தம்புது பவுடர் பிரஷ்ஷால் தடவிச் சுத்தம் செய்து, திரும்பப் பூட்டி, முடிவெட்டும்போது கழுத்தில் கட்டும் வெள்ளைப் போர்வைகளில் துவைத்து வைத்திருந்த ஒன்றை எடுத்துத் தொலைநோக்கிக்குக் கட்டினாள். மேக்கப்புக்கு வைத்திருந்த வட்ட விளக்கை முன்னால் வைத்தாள். முப்பது வெள்ளைப் படங்கள். ‘தலையெழுத்து இருந்தா உனக்கும் ஃபேஷியல் பண்ணி விடறேன்’ என்று தொலைநோக்கியைத் தட்டிக்கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனாள்.

அடுக்கி முடித்த படத்தை மூன்று நாள் பார்த்தாள். சிவப்பு ரோஜா அப்படியே பூத்திருந்தது. இதழ்களுக்கு நடுவே கறுப்புப் புழுக்கள் மாதிரி நெளியும் தூசி மேகங்கள்கூடத் தெளிவாக வந்திருந்தன. அதோடு, பூவுக்கு வெளியே, வலப்பக்க மேல் மூலையில் ஒரு வில். மங்கலான, மெல்லிய, ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் சிறுத்த, அழகான வளைவு. அவளிடம் இருந்த எந்த வரைபடத்திலும் அது இல்லை. மற்றவர்கள் எடுத்த படங்களைத் தேடித் தேடிப் பார்த்தாள். எதிலும் இல்லை. இருபத்தொரு மணி நேரம் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், தனக்கு மட்டும் தெரிந்திருக்கிறது என்று நினைத்தாள். மனுஷனுக்கு அப்படித்தான் தோன்றும், அதில் தப்பில்லை.

சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் படத்தைப் போட்டாள். ‘வலது மேல் மூலையில் ஒரு வில் தெரிகிறது. யாராவது பார்த்திருக்கிறீர்களா?’

இரண்டு நாள் சத்தமே இல்லை. மூன்றாம் நாள் மெத்தைக்கடைக்காரர் எழுதினார்: ‘என் போன வருஷப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். ஆமாம், இருக்கிறது!’ அன்று சாயங்காலமே கணக்கு டியூஷன் மாஸ்டர்: ‘எனக்கும் தெரிகிறது. முன்பே பார்த்தேன், சொல்லவில்லை.’ பிளம்பர் ஒருவர் மட்டும், ‘எனக்கு ஒண்ணும் தெரியல. என் கண்ணுல கோளாறா இருக்கும்’ என்று எழுதினார். அதற்கு நாலு பேர் கண் டாக்டரின் முகவரி அனுப்பினார்கள்.

ஐந்தாம் நாள் செயலாளர் எழுதினார். ‘என் படத்திலும் சோதித்தேன். வில் இருப்பது உறுதி. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நம் சங்கத்தின் சார்பில், பார்லர் அம்மாவின் பெயரில், வானாய்வு மையத்துக்கு விண்ணப்பம் அனுப்பப்படும்.’

அக்கா அதைப் பதினான்கு தடவை படித்தாள். பிறகு முகத்தில் களிம்போடு கண்ணை மூடிப் படுத்திருந்த ஒரு அம்மாளிடம் படித்துக் காட்டினாள். அந்த அம்மாள் வாயைத் திறக்க முடியாத நிலையில் கட்டைவிரலை உயர்த்தினாள். அக்கா பின்பக்கம் போய், துண்டுகள் அடுக்கியிருந்த அலமாரிக்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் அழுதாள். சந்தோஷமாக இருந்தது.

வீட்டுக்காரர் டிப்போ முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டார். டைம் கீப்பரிலிருந்து டயர் மாற்றுகிறவர் வரை எல்லாருக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று. "என் பொண்டாட்டி வானத்துல ஒரு சாமான் கண்டுபிடிச்சிருக்கா" என்று அவர் சொல்ல, கண்டக்டர் ஒருவர், "தொலைச்சது யாருங்க?" என்று கேட்டாராம்.

சனிக்கிழமை மத்தியானம், செயலாளர் அனுப்பியிருந்த விண்ணப்ப நகலை நிரப்ப உட்கார்ந்தாள். கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: ‘எந்தத் திருத்தமும் செய்யாத மூலப் படங்களை இணைக்கவும்.’ அதற்கென்ன, இருநூற்று ஐம்பத்திரண்டு இருக்கிறதே! ஒன்றைத் திறந்தாள். வில் இல்லை. ஒரு படத்தில் தெரியாதுதான், ஐந்து நிமிஷ வெளிச்சம் எப்படிப் போதும்? சரி என்று வெள்ளைப் படத்தைச் சேர்க்காமல் எல்லாவற்றையும் அடுக்கினாள். மூலைகள் மங்கலாக, கொஞ்சம் அழுக்காக, ரோஜா வந்தது. கறுப்புப் புழுக்கள் வந்தன.

வில் வரவில்லை.

வெள்ளைப் படத்தைத் திறந்தாள். பளிச்சென்ற வெள்ளையில், வலப்பக்க மேல் மூலையில், அதே வில் கறுப்பாக உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் தடித்து, மறுபக்கம் சிறுத்து. அந்த வளைவை அவள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை பார்க்கிறாள். நூலால் எடுக்கிறாள், துண்டால் துடைக்கிறாள், பெருக்கித் தள்ளுகிறாள்.

டார்ச்சைப் பிடித்துக்கொண்டு கேமராவைக் கழற்றினாள். கண்ணாடியின் ஓரத்தில் அது இருந்தது. இடுக்கியால் எடுத்துக் காகிதத்தில் வைத்தாள். ஒரு புருவ முடி. கறுப்புச் சாயம் போட்டது, வேரில் கொஞ்சம் நரை. புத்தம்புது பிரஷ் என்ன, தங்கத்தாலே பிரஷ் செய்தாலும் பார்லர் மேஜையில் கிடந்தால் அதில் முடி ஒட்டாமல் இருக்குமா? பிரஷ்ஷோடு போய் உட்கார்ந்திருக்கிறது. வானத்தைப் படம் எடுத்தபோது அது அங்கே இல்லை, வெள்ளைப் படம் எடுத்தபோது இருந்தது. கம்ப்யூட்டர் பாவம் என்ன செய்யும்? அங்கே ஏதோ இருட்டு என்று நினைத்து, வானத்தில் அந்த இடத்தை முடியின் வடிவத்திலேயே வெளிச்சம் போட்டு ஈடுகட்டிவிட்டது.

வீட்டுக்காரர் சாயங்காலம் டூட்டி முடிந்து வந்தபோது மேஜைமேல் ஒரு காகிதம், அதில் ஒரு முடி, எதிரே பேயறைந்த மாதிரி மனைவி.

"என்னம்மா, சாப்பாட்டுல கிடந்துச்சா?"

"வானத்துல கிடந்துச்சுங்க."

விஷயத்தைச் சொன்னாள். அவர் உட்கார்ந்து கேட்டார். நல்ல மனுஷன், சிரிக்கக் கூடாது என்று முயற்சி செய்தார். உதடு துடித்தது, தோள் குலுங்கியது, கடைசியில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். துண்டிலிருந்து முகம் வெளியே வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"சரி விடு. முடியைக் கட்டி மலையை இழுன்னு பெரியவங்க சொல்லுவாங்கல்ல? வந்தா மலை, போனா முடி."

"எனக்கு மலை வந்துடுச்சே! அதானே பிரச்சனை. நாலு பேர் பார்த்தாச்சு. செயலாளர் உறுதின்னு எழுதியாச்சு."

"அவங்க எப்படிப் பார்த்தாங்க? உன் முடி உன் கேமராவுலதானே இருந்துச்சு?"

இதை அவள் யோசிக்கவே இல்லை.

"பேசாம இருந்துடேன்" என்றார் வீட்டுக்காரர். "டிப்போவுல நான் என்ன சொல்றதுன்னு கேக்கல. உனக்காகச் சொல்றேன். அந்த மையத்துக்காரங்களே பார்த்துட்டு இல்லன்னு எழுதட்டும். நீயா போய் ஏன் தலையைக் கொடுக்கிற?"

"என் பேர்ல போகுதுங்க. நாலு வருஷமா அவர் என்னைப் பவுடர்னு சொன்னப்போ, இல்ல சார் நிஜம், இல்ல சார் நிஜம்னு சொன்னேன். நாளைக்கு இதைச் சொன்னா, அவர் இத்தனை நாள் சொன்னது சரின்னு ஆயிடும். சொல்லலன்னா..." அவள் முடியைப் பார்த்தாள். "சொல்லலன்னா நிஜமாவே சரின்னு ஆயிடும்."

அவர் அந்த முடி பறந்துவிடாமல் இருக்க ஒரு கண்ணாடி டம்ளரை அதன்மேல் கவிழ்த்து வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பறை நிறைந்திருந்தது. நிறைந்திருந்தது என்றால் ஒன்பது பேரும் வந்திருந்தார்கள், அதுவே அதிசயம். செயலாளர் வெளுத்த சட்டையும் கம்பளிக் குல்லாவுமாக மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். விண்ணப்பத்தை ஒரு பச்சை உறையில் போட்டு முன்னால் வைத்திருந்தார். அக்காவைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கம்மா, முன்னால உக்காருங்க" என்றார். நாலு வருஷத்தில் அவள் முன்வரிசையில் உட்கார்ந்ததே இல்லை. இப்போதே ஓடிப்போய்விடலாமா என்றிருந்தது.

ஓடவில்லை. மடிக்கணினியைத் திரைக்கு இணைத்தாள்.

"ஒரு விஷயம் சொல்லணும். அது வில் இல்ல. முடி. என் பார்லர் முடி."

வெள்ளைப் படத்தைக் காட்டினாள். வெள்ளைப் படம் சேர்க்காத ரோஜாவைக் காட்டினாள். காகிதத்தை விரித்து முடியையும் காட்டினாள். சொல்லி முடித்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, வரப்போகும் சிரிப்புக்காகக் காத்திருந்தாள்.

யாரும் சிரிக்கவில்லை. டியூஷன் மாஸ்டர்தான் முதலில் பேசினார்.

"அதெப்படிம்மா முடியா இருக்கும்? எங்களுக்கும் தெரியுதே!"

"அதானே" என்றார் மெத்தைக்கடைக்காரர். "உங்க கேமராவுல ஒரு முடி இருந்திருக்கலாம், இல்லன்னு சொல்லல. அது தனி. வில் தனி. ரெண்டும் ஒரே இடத்துல இருக்கு, அவ்வளவுதான்."

"ஒரே வடிவத்துலயா?"

"இயற்கைல எவ்வளவோ ஒற்றுமை இருக்கும்மா."

செயலாளர் கையை உயர்த்தி எல்லாரையும் அடக்கினார். குரலில் தகப்பனார் கனிவு. "அடக்கம் நல்ல குணம்தாம்மா. ஆனா அளவு மீறக் கூடாது. நாலு பேர் தனித்தனியா பார்த்திருக்கோம். என் கேமராவை வாங்கின நாள்லேர்ந்து நான் கழட்டினதே இல்ல. என் கடையிலும் சரி, என் மாடியிலும் சரி, ஒரு பொட்டுத் தூசி பார்க்க முடியாது. அதுலயும் வில் இருக்கு. பாருங்க."

அக்காவுக்குத் தலை சுற்றியது. நிஜத்தை நிஜம் என்று சொன்னபோது நாலு வருஷம் நம்பாத மனிதர்கள், முடியை நிஜம் என்று ஒரே வாரத்தில் நம்பிவிட்டார்கள். இப்போது அவளே வந்து முடி என்று சொன்னால், அவளை மறுபடி நம்பமாட்டேன் என்கிறார்கள். இந்த ஊரில் என்னதான் சொல்லித் தொலைப்பது?

ஒவ்வொருவராகத் தங்கள் படத்தைத் திரையில் போட்டார்கள். மெத்தைக்கடைக்காரர் தன் படத்தின் வெளிச்சத்தை எக்கச்சக்கமாக ஏற்றியிருந்தார். வானம் உப்புமூட்டையை அவிழ்த்துக் கொட்டின மாதிரி இருந்தது. அதில் வில் தெரிந்தது, உற்றுப்பார்த்தால் ஒரு ஆடும் ஒரு சைக்கிளும்கூடத் தெரிந்தன. டியூஷன் மாஸ்டர் படத்தில் வில் இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளில் புள்ளிக்கோடு போட்டிருந்தார். "கோடு வழிகாட்டிதான், அதுக்குக் கீழ பாருங்க" என்றார். கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கோடு இருக்கும்வரை யாரும் பார்க்க முடியாது.

செயலாளரின் படம் வந்தது. அதில் வில் அட்டகாசமாக இருந்தது. அக்காவுடையதைவிட நன்றாகவே இருந்தது.

அக்கா ஒரு நொடிதான் பார்த்தாள். கல்யாண ஆல்பங்களுக்குக் கம்ப்யூட்டரில் முகம் திருத்திக் கொடுக்கிறவள் அவள். மென்மையான வட்டப் பிரஷ், அழுத்தம் ரொம்பக் குறைவு, இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. இரண்டு முனையும் ஒரே மாதிரி மங்குகின்றன. வழியில் இருந்த மூன்று நட்சத்திரங்களின் மேலும் சிவப்பு ஏறியிருக்கிறது, புருவத்தின் மேல் ஃபவுண்டேஷன் ஏறின மாதிரி. கை நடுங்கியிருக்கிறது. பழக்கமில்லாத கை.

அவள் திரும்பிச் செயலாளரைப் பார்த்தாள். அவர் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. அந்த முகத்தை அவள் தன் நாற்காலியில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். வீட்டிலேயே தானாக முடிக்குச் சாயம் போட்டுக்கொண்டு, அது பச்சையாகப் போய், தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து உட்காருவார்களே, அந்த முகம். நாலு வருஷக் கணக்கை ஒரே நிமிஷத்தில் தீர்க்கலாம். வாயில் வார்த்தைகூட வந்துவிட்டது. ‘சார், இதுல எது வானம், எது பவுடர்?’

சொல்ல மனசு வரவில்லை. அவள் தொழிலில், துணியை அவிழ்த்ததும் என்ன பார்த்தோம் என்று வெளியே சொல்வதில்லை.

"உங்க எல்லார் கேமராவுலயும் ஏதாவது விழுந்திருக்கும்" என்றாள் நிதானமாக. "எனக்கு விழுந்த மாதிரிதான். யாருக்கு வேணும்னாலும் நடக்கும்."

அறையில் இருந்த காற்றே லேசான மாதிரி ஆயிற்று. மெத்தைக்கடைக்காரர் கப்பென்று பிடித்துக்கொண்டார்.

"ஆமாமா! பஞ்சு! எனக்குப் பஞ்சாத்தான் இருக்கும். கடை பூரா பறந்துக்கிட்டே இருக்கும்."

"எனக்குச் சாக்பீஸ் தூள்" என்றார் டியூஷன் மாஸ்டர், புள்ளிக்கோட்டை அவசரமாக அழித்துக்கொண்டே. "நான் அப்பவே நினைச்சேன், சொல்லல."

எல்லாரும் செயலாளர் பக்கம் திரும்பினார்கள். அவர் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டால் கூட்டம் முடிந்துவிடும், டீ குடிக்கலாம்.

"சாருக்கு என்னவா இருக்கும்?" என்று பிளம்பர் யோசித்தார். கெட்ட எண்ணம் ஒரு துளியும் கிடையாது, அவர் குழாயில் அடைப்பு எங்கே என்று பார்க்கிற ஆள். "தூசி கிடையாதுன்னு சொல்லிட்டாரு. கேமராவைத் திறந்ததே இல்லன்னுட்டாரு. அப்ப முடியாத்தான் இருக்கணும்."

செயலாளருக்கு வியர்த்தது. குல்லாவைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். டியூப்லைட் வெளிச்சம் அந்தத் தலையில் ஒரு தடையும் இல்லாமல் விழுந்தது. நடுவில் இல்லை, ஓரத்தில் இல்லை, மீசை இல்லை, புருவம்கூடப் பேருக்குத்தான். எட்டுப் பேரும் அந்தத் தலையைப் பார்த்தார்கள். பிளம்பர் ரொம்பக் கவலையாகப் பார்த்தார்.

முதலில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். அப்புறம் ஒருவரையும் நிறுத்த முடியவில்லை. மெத்தைக்கடைக்காரர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நல்லது செய்யப்போய் இப்படி ஆகிவிட்டதே என்று அவளுக்குக் காது சூடாகியது.

சிரிப்பு அடங்கும்வரை செயலாளர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு குல்லாவைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

"நான் வரைஞ்சேன்."

டியூஷன் மாஸ்டர், "என்ன சார்?" என்றார்.

"மூணு நாள் தேடினேன். எனக்கு ஒண்ணும் தெரியல. இவர் தெரியுதுன்னாரு, நீங்க தெரியுதுன்னீங்க. செயலாளருக்கு மட்டும் தெரியலன்னா நல்லாவா இருக்கும்? கண்ணு போயிடுச்சுன்னு பேசமாட்டீங்களா? இருக்கிறதுதானே, எனக்குத்தானே தெரியலன்னு... கொஞ்சமாத் தொட்டேன்." அவர் உட்கார்ந்தார். "கொஞ்சமாத்தான்."

அதன்பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மெத்தைக்கடைக்காரர் தன் செருப்பைப் பார்த்தார். பிளம்பர் மட்டும், தன் கண்ணில் கோளாறில்லை என்று புரிந்து, முகம் மலர்ந்து, அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தவித்தார்.

அக்கா செயலாளருக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். "அடுத்த தடவை ரெண்டு முனையையும் ஒரே மாதிரி மங்க விடாதீங்க சார்" என்றாள் தணிந்த குரலில். "பார்த்ததும் தெரிஞ்சுடும்."

அவர் சங்கடத்தோடு சிரித்தார். பச்சை உறையிலிருந்து விண்ணப்பத்தை வெளியே எடுத்து இரண்டாக மடித்து ஓரமாக வைத்தார். திரையில் அவளுடைய ரோஜா மறுபடி வந்திருந்தது. வெள்ளைப் படம் சேர்க்காதது. மூலைகள் இருண்டு, அங்கங்கே தூசி வட்டங்களோடு, கழுவாத முகம் மாதிரி. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றாமல், கண்ணிலேயே வைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் பார்த்தார்.

"இந்தச் சிவப்புக்கு நடுவுல கறுப்பாப் புழு மாதிரி நெளியுதே. இதெல்லாம்?"

"அது தூசி மேகம் சார். பின்னால இருக்கிற வெளிச்சத்தை மறைக்குது. அது இருக்கு."

"நிஜமாவா?"

"நிஜம் சார்."

"சரிம்மா" என்றார் அவர். "நீங்க சொன்னா சரி."

நாலு வருஷமாக எதற்காக ஏங்கினாளோ அது வந்தேவிட்டது. மைக் இல்லை, கைத்தட்டல் இல்லை, சும்மா சொல்லிவிட்டார். அக்காவுக்குக் கண் கலங்கியது. ஒரு நிமிஷம் அதை அப்படியே வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்றுகூடத் தோன்றியது. பிறகு, மடித்துக் கிடந்த விண்ணப்பத்தைப் பார்த்தாள்.

"நான் சொன்னா சரின்னு விடாதீங்க சார்" என்று மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினாள். "மூலப் படம் இருநூத்து அம்பத்திரண்டும் இதுல இருக்கு. நீங்களே பாருங்க."

அவர் அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, முதல் படத்திலிருந்து ஆரம்பித்தார்.